சுண்ணாம்பு மீண்டும் கல்லாகும் இடம்

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தீவு என்பது விடுமுறைக்குப் போகும் இடம் அன்று. மற்றவர்கள் விடுமுறைக்கு வந்து இறங்கும் இடம். இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் பிறந்து, பாம்பன் பாலத்தைத் தாண்டுவதையே வெளியூர்ப் பயணமாக எண்ணி வளர்ந்த நான், இந்தத் தீவிலிருந்து கிளம்பி இன்னொரு தீவுக்குச் சுற்றுலா போகிறேன் என்று சொன்னபோது, ஐஸ் கம்பெனியில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் சிரித்ததில் வியப்பில்லை. ஆனால் நான் அங்கே பார்க்கப் போனது கடலை அன்று, ஒரு குகையை. எங்கள் மாவட்டத்தில் மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. இராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதம் என்று பெரிய பெயர் தாங்கி நிற்பது ஒரு மணல்மேடு; அதன்மேல் ஏறினால் தீவு முழுவதும் தெரிகிறது என்பதிலிருந்தே மற்ற இடங்களின் உயரத்தை ஊகித்துக்கொள்ளலாம். மலையே இல்லாத ஊரில் பிறந்தவன் குகைக்கு எங்கே போவான்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இல்லையென்றால் ஐஸ் வேண்டாம். ஐஸ் இல்லையென்றால் ஐஸ் கணக்கு எழுதுகிற எனக்கும் வேலை குறைவு. 2025 ஆம் ஆண்டுத் தடைக்காலத்தில் என் மகளும் பிளஸ் டூ தேர்வை முடித்திருந்தாள். அந்தமானில் இருபது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் என் அத்தை மகன் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம், "மாமாவைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை வாங்க மச்சான்" என்று சொல்வது வழக்கம். அவர் சொல்லும் மாமா என் அப்பா. எழுபத்திரண்டு வயது. பயணம் என்றாலே வேண்டாம் என்பவர், பாராட்டாங் என்ற இடத்தில் சுண்ணாம்புக் குகை இருக்கிறது என்று மச்சான் சொன்னதும், "சுண்ணாம்புக் குகையா? அங்கே காளவாய் போடுறாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு அவர் பயணத்துக்குச் சம்மதித்துவிட்டார் என்பது எங்களுக்குப் புரிந்தது.

அந்தக் கேள்வியின் பின்னணியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பா இளைஞராக இருந்தபோது எங்கள் பக்கத்தில் வீடு கட்டுவதற்கு ஆற்று மணலும் செங்கல்லும் எளிதாகக் கிடைப்பவை அல்ல. கடலுக்கடியில் கிடைத்தது முருகைக்கல், அதாவது பவளப்பாறை. வல்லம் என்னும் படகில் போய், கடப்பாரையோடு மூழ்கி, பெயர்த்து, கயிற்றில் கட்டி மேலே இழுத்து, கரையில் குவிப்பார்கள். நல்ல கட்டியான கல் சுவருக்குப் போகும். உதிரிக் கல் சுண்ணாம்பு சுடும் சூளையான காளவாய்க்குப் போகும். காளவாயில் விறகு ஓர் அடுக்கு, கல் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி அடுக்கி, இரவு முழுவதும் எரியவிட்டு, ஆறிய பிறகு எடுத்தால் கல் பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் கையில் எடுத்தால் ஏறத்தாழப் பாதி எடைதான் இருக்கும். அதன்மேல் தண்ணீர் தெளித்தவுடன் அது சீறிக் கொதித்து, பிளந்து, மாவாக நீறிவிடும். அப்பாவின் இடது உள்ளங்கையில் இன்றும் ரேகைகள் தெரியாத ஒரு வழவழப்பான திட்டு இருக்கிறது. நீறாத சுண்ணாம்பை ஈரக்கையால் அள்ளிய ஒரு நாளின் மிச்சம் அது.

தனுஷ்கோடிக்குப் போனவர்கள் 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்களைப் பார்த்திருப்பார்கள். பலர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை சுவருக்கு ஒரு சாண் தொலைவில் முகத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில், தேன்கூட்டின் கண்களைப் போல நெருக்கமான சிறு குழிகளும், குழிக்குள் குடையின் கம்பிகளைப் போல விரியும் மெல்லிய தகடுகளும் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் ஒரு பவள உயிரியின் வீடு. அந்தக் கல்லையும், அதையே சுட்டு நீற்றிய சுண்ணாம்பையும் வைத்துத்தான் எங்கள் பழைய வீட்டையும் தாத்தா கட்டினார்.

பயணத்தின் முற்பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 6 அன்றுதான் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எங்கள் தீவுக்கு ரயிலே வராமல் இருந்து, மறுபடியும் ஊரிலேயே ரயில் ஏறியதில் எங்களுக்கு இருந்த மகிழ்ச்சியில் பாதிப் பயணச் செலவு கழிந்தது போலிருந்தது. அப்பா மட்டும் பக்கத்தில் நின்ற 1914 ஆம் ஆண்டுப் பாலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். சென்னையிலிருந்து கப்பலில்தான் போக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். மூன்று நாள் ஆகும் என்றதும் என் மனைவி அந்தப் பேச்சை ஒரே பார்வையில் முடித்துவைத்தாள். விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர் வந்துவிட்டது. 2024 செப்டம்பரிலிருந்து அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். என் மச்சான் உட்பட நான் அங்கே பேசிய யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை.

பாராட்டாங் அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அதிகாலை மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். ஏனென்றால் ஜிர்காடாங் என்னும் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகள் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே, போலீஸ் வண்டி முன்னும் பின்னும் வர, ஒரே வரிசையாக விடப்படுகின்றன. அதன்பின் வருவது ஜாரவா பழங்குடியினருக்கான காடு. வண்டியை நிறுத்தக்கூடாது, முந்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதையும் கொடுக்கக்கூடாது. சில நூறு பேரே உள்ள அந்த மக்களின் வாழிடத்தின் ஊடே இந்தச் சாலை போகக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002 லேயே உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்குப் பிறகும் நாங்கள் அதே சாலையில்தான் போனோம். குகையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்காக இன்னொருவர் வீட்டு முற்றத்தின் வழியே வண்டி ஓட்டிப் போவதாகத்தான் எனக்குத் தோன்றியது; தோன்றியும் போனேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஊர் திரும்பிய பிறகு, "அவர்களைப் பார்த்தீர்களா?" என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

காடு முடியும் இடத்தில் ஒரு குறுகிய கடற்கால். பேருந்து, கார், மனிதர் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஒரு தட்டையான படகு அக்கரையில் நீலம்பூர்த் துறையில் இறக்குகிறது. அங்கே வனத்துறை அனுமதி வாங்கி, உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, ஒரு ஃபைபர் படகில் ஏறினோம். எங்கள் ஊரிலும் இப்போது ஃபைபர் படகுகள்தான். அப்பா ஏறியதும் ஏறாததுமாக எஞ்சினைப் பார்த்தார், ஓட்டுகிறவரின் கையைப் பார்த்தார், பிறகுதான் உட்கார்ந்தார். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டம். கடைசிப் பகுதியில் ஓடை மிகவும் ஒடுங்கி, இரு பக்கத்து அலையாத்தி மரங்களும் தலைக்குமேல் கைகோத்துக்கொள்ள, எஞ்சின் சத்தத்தைக் குறைத்து மெதுவாக நுழைந்தார்கள். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறை ஓட்டும் படகில் நாங்கள் போயிருக்கிறோம். அங்குள்ள மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்தது போல நிமிர்ந்து நிற்கும். இங்கே வேர்கள் மரத்தின் இடுப்பிலிருந்து வளைந்து இறங்கி, நண்டின் கால்களைப் போல ஊன்றி நின்றன. முதலை எச்சரிக்கைப் பலகைகளும் இருந்தன. எங்கள் கடலில் முதலை இல்லாததன் அருமையை என் மனைவி அன்றுதான் உணர்ந்ததாகச் சொன்னாள்.

இறங்கியதும் மரப்பலகை நடைபாதை, அதன்பின் காட்டுப்பாதை, ஒரு சிறிய குடியிருப்பு, எலுமிச்சைச் சாறு விற்கும் ஒரு கொட்டகை என்று ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். வெயில் இல்லை, ஆனால் புழுக்கம் இருந்தது. அப்பா எங்கள் எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.

குகை வாசலை நான் வேறு மாதிரி கற்பனை செய்திருந்தேன். மலையில் பெரிதாக வாய் பிளந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையில், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே, ஊரில் இரு வீடுகளுக்கு இடையே விட்டிருக்கும் சந்து போல ஒரு பிளவு. முதலில் தலைக்குமேல் வானம் தெரிகிறது. பத்தடி, இருபதடி போகப் போக மேற்கூரை மூடிக்கொண்டு, வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. குளிர்ச்சி வெளிச்சத்தைவிட முன்பே தெரிந்துவிடுகிறது. கழுத்து வியர்வை உறைவது போல ஓர் உணர்வு. வழிகாட்டி டார்ச்சை மேலே அடித்தபோது என் மகள் "அம்மா!" என்று சொன்னாளே தவிர வேறு சொல் வரவில்லை.

கூரை முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. சில இடங்களில் ஆலமரத்து விழுதுகளைப் போலத் தனித்தனியாக. சில இடங்களில் நனைந்த வேட்டியைக் கொடியில் போட்டது போல மடிப்பு மடிப்பாக. ஓரிடத்தில் சுவரிலிருந்து வழிந்து, வழிந்தபடியே உறைந்து போன பாகு போல. பாடப்புத்தகத்தில் மேலிருந்து தொங்குவதைக் கல்விழுது என்றும், கீழிருந்து எழுவதைக் கல்முளை என்றும் எழுதியிருக்கிறார்கள். யார் வைத்த பெயரோ, நல்ல பெயர். வெள்ளை என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாறுவோம். பால் நிறம், தேன் நிறம், துருவின் நிறம், ஈரச் சாம்பல் நிறம் எல்லாம் கலந்திருந்தன. டார்ச் வெளிச்சம் பட்ட சில இடங்களில் பொடிச் சர்க்கரையைத் தூவியது போல மினுங்கியது.

வழிகாட்டிக்கு அவசரம். இது யானை, இது தாமரை, இது சிங்கமுகம் என்று டார்ச்சைச் சுழற்றிக்கொண்டே ஓடினார். மச்சான் பின்னாலேயே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். இராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தங்களிலும் வாளியோடு விரட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதிதாக இல்லை. ஆனாலும் ஓர் எரிச்சல் எழுந்தது. கல் கல்லாக இருப்பதே போதாதா? அது யானையைப் போல இருந்தால்தான் பார்க்கத் தகுதி பெறுமா? அப்பாவுக்கும் அந்த விளையாட்டில் ஆர்வம் இல்லை. அவர் கூட்டத்திலிருந்து பின்தங்கி, கூரை தாழ்வாக இருந்த ஓரிடத்தில் நின்றுவிட்டார். நானும் மகளும் அவரோடு நின்றோம்.

அங்கே, கண் உயரத்துக்குச் சற்று மேலே, வைக்கோல் தண்டின் பருமனில் ஒரு குழல் தொங்கியது. விரல் நீளம்தான் இருக்கும். அதன் நுனியில் ஒரு துளி. துளி கனத்துக்கொண்டே வந்து, அடிப்பக்கம் உருண்டு, விழப்போவது போலத் துடித்து, விழாமல் நின்றது. மகள் கைபேசியில் எண்ணினாள். முப்பத்தெட்டு விநாடி கழித்து அது விழுந்தது. விழுந்த கணத்தில், குழலின் விளிம்பில் நகக்கண்ணைவிட மெல்லிய ஈரமான வளையம் ஒன்று மிஞ்சியது. அடுத்த துளி குழலின் உள்ளிருந்து இறங்கி வந்தது. அந்தக் குழல் உள்ளே துளையுள்ளது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மகள் தேர்வுக்குப் படித்தது வீண்போகவில்லை. மழைநீர் காட்டு மண்ணின் வழியே இறங்கும்போது, அழுகும் இலைகளும் வேர்களும் விடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கும்போது பாறையைக் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொள்கிறது. குகையின் வெற்றுக் காற்றைத் தொட்டவுடன், கரைத்து வைத்திருந்த வாயுவை நீர் விட்டுவிடுகிறது. வாயு போனால் சுண்ணாம்பைச் சுமந்து நிற்க நீரால் முடியாது, விளிம்பில் விட்டுவிட்டு விழுகிறது. இதை அவள் தாத்தாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, அப்பா கையை நீட்டி, விழுந்த துளி ஒன்றை உள்ளங்கையில் பிடித்தார். காளவாயில் சுண்ணாம்பின் பதம் பார்ப்பது போலக் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்துத் தேய்த்தார், முகர்ந்தார். "வாடையே இல்லை. பச்சைத் தண்ணி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாங்க தீ வச்சு அந்த வாயுவை ஓட்டினோம். இது தானா விட்டுட்டுப் போகுது" என்றார்.

அவர் சொன்னது சரி. காளவாயில் கல்லைச் சுடும்போது வெளியேறுவது அதே கரியமில வாயு. அதனால்தான் சுட்ட கல் ஏறத்தாழப் பாதி எடையாகிறது. அந்தச் சுண்ணாம்பைச் சாந்தாக்கிச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மாதக்கணக்கில் குடித்துக் குடித்து மறுபடியும் கல்லாக இறுகுகிறது. அப்பாவுக்கு வேதியியல் தெரியாது. ஆனால் பூசிய சுவர் உடனே காயக்கூடாது, மெல்ல "காற்றைக் குடிக்க" வேண்டும் என்று அவர் சொல்லி நான் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

ஒரு கல்விழுது பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே வளர்கிறது; நூறாண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். எங்களுக்கு முன்னால் தொங்கிய அந்த விரல் நீளக் குழல், நான் அறிந்த எங்கள் குடும்பத் தலைமுறைகள் எல்லாவற்றையும்விட வயதில் மூத்ததாக இருக்கக்கூடும். அதனால்தான் தொடக்கூடாது என்கிறார்கள். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு படிவது தடைப்படும்; அழுக்கும் ஏறிக் கறுத்துவிடும். கை எட்டும் உயரம் வரைக்கும் சுவர்கள் கறுத்தும், கை எட்டாத உயரத்துக்கு மேல் வெளுத்தும் இருந்ததைப் பார்த்தால் இந்த விளக்கத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஓரிடத்தில் யாரோ இரண்டு பெயர்களைக் கீறியிருந்தார்கள். எழுத்து தமிழ். வெட்கமாக இருந்தது.

நின்று பார்க்க எங்களுக்குக் கிடைத்தது மொத்தம் இருபது நிமிடம் இருக்கலாம். எங்களை அழைத்துப்போன சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒரே நாளில் குகை, சேற்று எரிமலை, கிளித்தீவு என்று மூன்றையும் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தார். மதிய வரிசையைப் பிடித்தாக வேண்டும் என்று கையைத் தட்டித் தட்டி எங்களைக் கிளப்பினார். கடைசியில் கிளித்தீவு கிடையாது என்றார். சேற்று எரிமலையில், வேலிக்கு அப்பால், ஆறிய கஞ்சி போலச் சாம்பல் நிறச் சேறு எப்போதாவது ஒரு குமிழி விட்டது. நானாக இருந்தால் அந்த ஒரு மணி நேரத்தையும் குகைக்கே கொடுத்திருப்பேன். போகிறவர்கள் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நல்ல டார்ச்சும் கொண்டுபோங்கள்.

திரும்பும் படகில் மகள் இன்னொன்றைச் சொன்னாள். அந்தக் குகையின் பாறையே ஒரு காலத்தில் கடலடி. சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டுயிர்களும் படிந்து இறுகியது. இந்தியத் தட்டு அடியில் செருகிக்கொண்டு போகும் விளிம்பில் அந்தமான் இருப்பதால் கடலடி மேலே தள்ளப்படுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று நிலம் அதிர்ந்தபோது, வட அந்தமானின் மேற்குப் பக்கத்தில் உயிரோடு இருந்த பவளப்பாறைகள் ஒரே நாளில் தண்ணீருக்கு மேலே வந்து நின்றன. அப்பா கேட்டுக்கொண்டே வந்து, "இங்கே கடல் கல்லைத் தூக்கி வெளியே வைக்குது. நம்ம ஊர்ல நாம போய்த் தூக்கினோம்" என்றார்.

அதற்குமேல் அவர் சொல்லவில்லை; எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவாக 1986 இல் அறிவிக்கப்பட்டபோது 21 தீவுகள். அவற்றில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்குள். தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறைதான் அலையைத் தடுத்து மணலைப் பிடித்து வைத்திருந்தது. அதைப் பெயர்த்து எடுத்த பிறகு மணல் நிற்கவில்லை. 2001 இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தபின் அந்தத் தொழில் மெல்ல ஓய்ந்தது. அப்பா அதற்கு வெகு முன்பே காளவாயை விட்டு மீன்பிடிக்கு வந்துவிட்டார். கல் எடுத்தவர்களை மட்டும் குற்றவாளிகளாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சுண்ணாம்பை விலை கொடுத்து வாங்கி வெள்ளையடித்துக்கொண்ட வீடுகள் ஊருக்குள் நிறையவே இருந்தன, எங்கள் வீடு உட்பட.

ஊர் திரும்பி இரண்டு வாரம் இருக்கும். பின்கட்டில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி இருக்கும் தளத்துக்கு அடியில், அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தொட்டி கசிவது எங்களுக்குத் தெரியும். தளத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ பூத்திருப்பதும் தெரியும். அன்றுதான் சரியாகப் பார்த்தேன். காங்கிரீட் விரிசலிலிருந்து, வைக்கோல் தண்டின் பருமனில், உள்ளே துளையோடு, ஒரு வெள்ளைக் குழல் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் ஒரு துளி. சிமெண்டிலிருந்து கரைந்து வரும் சுண்ணாம்பு காற்றைக் குடித்து இறுகுவது அது. குகையில் நடப்பதற்கு நேர்மாறான வழி, அப்பாவின் சுவர் இறுகிய அதே வழி. அதனால் குகையில் உள்ளதைவிடப் பல மடங்கு வேகமாக வளரும் என்று மகள் சொன்னாள்.

என் மனைவி கொத்தனாரை வரச் சொல்லியிருந்தாள். தொட்டி கசிந்தால் கம்பி துருப்பிடிக்கும் என்பது நியாயம்தான். கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். அப்பா தூண்டில் நூலில் ஒரு துண்டு வெட்டி, நாற்காலிமேல் ஏறி, குழலைத் தொடாமல் பக்கத்தில் பிடித்து, நீளத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நூலைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, "ஆடி கழிஞ்சு வரச் சொல்லு" என்றார்.